பத்துமலையில் நான் கூப்பிடாத அண்ணன்

மலேசியாவுக்குப் போகிறேன் என்றதும் பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "டூரா, வேலையா?" என்பதுதான். இரண்டும் இல்லை, ஆராய்ச்சி என்றேன். வழிப்பறியிலும் அடிதடியிலும் சிக்கி மீண்ட ஆண்கள் அதைப் பிற்பாடு மற்றவர்களிடம் எப்படிச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், அப்படி விழுங்கியது அவர்களுடைய தூக்கத்தை என்ன செய்கிறது என்பது என் முனைவர் பட்டத் தலைப்பு. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடி வாங்கின ஆம்பளையத் தேடி அவ்வளவு தூரம் போகணுமா? எங்க வீட்டுக்கு வந்தாப் போதுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆண்கள் இந்த விஷயத்தை வேடிக்கையாக மட்டும்தான் பேசுவார்கள் என்பது என் ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயம்.

நான் தாமதமாக மாணவன் ஆனவன். பல வருடம் பள்ளிக்கூடங்களில் மனநல ஆலோசகராக இருந்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு மறுபடி விடுதிச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தவன். நம் ஊர் லாரி ஓட்டுநர்களிடம் பேட்டிகளை முடித்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கடல் கடந்த தமிழ் ஓட்டுநர்கள் சிலரும் வேண்டும் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற தமிழர்கள் நிறையப் பேர். அங்கே ஒரு சிறிய நல அமைப்பில் வேலை பார்க்கும் செல்வி என்பவர், பேச விரும்புகிறவர்களைச் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். பையில் ஒலிப்பதிவுக் கருவி, கேள்வித்தாள்கள், மனைவி கட்டிக்கொடுத்த பருப்புப் பொடி ஆகியவற்றுடன் கிளம்பினேன்.

கோலாலம்பூரில் என் அறை பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசனையும் ஊதுபத்திப் புகையும், நாலைந்து கடைகளிலிருந்து நாலைந்து பாட்டும் ஒன்றாக உள்ளே வரும். திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு தெருவைப் பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள், குப்பையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்ததுபோல் இருந்தது. நடைபாதை நெடுகப் பார்வையற்றவர்களுக்காக மேடு வைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்கள் அந்த வட்டாரத்தில் அதிகம். வந்த அன்றே ஒருவர் என் கணுக்காலைக் கோலால் மெல்லத் தட்டி, "பாஸ், வழியில நிக்காதீங்க" என்றார். நான் மஞ்சள் கல் மேல் நின்று கைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண், "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ரொட்டி சானாய் கேட்டேன். நம் பரோட்டாவின் வசதியான தம்பி. கூடவே வந்த டீயில் கரண்டியை நட்டுவைக்கலாம் போலிருந்தது. சீனி குறைத்துக் கொண்டுவரச் சொன்னேன். "அது டின் பால் அண்ணே. சீனி பாலுக்குள்ளயே இருக்குது. எப்படி கொறைக்கிறது?" என்று அவர் நியாயமாகக் கேட்டார். "தே ஓ குடிங்க, பால் இல்லாம வரும்." மறுநாளிலிருந்து தே ஓ-வுக்கு மாறினேன். அதிலும் சீனி இருந்தது.

பக்கத்து மேசையில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "நேத்து ஒருத்தன் என் காடிய இடிச்சிட்டான். நான் விட்டுருவேனா? போட்டேன் பாரு ஒரு சத்தம், ஆளு அப்படியே நடுங்கிட்டான் லா." காடி என்றால் இங்கே கார். லா என்பது பேச்சின் வாலில் சும்மா ஒட்டிக்கொள்வது. மற்றவன் நிதானமாக, "நீ கீழ எறங்குனியா?" என்று கேட்டான். "கண்ணாடிய எறக்குனேன்" என்றான் முதலாமவன். நான் கேள்வித்தாளை எடுக்காமலேயே வேலை ஆரம்பித்துவிட்டதுபோல் இருந்தது.

கிள்ளானுக்கு மின்சார ரயிலில் போனேன். கூட்டமில்லாத பெட்டியாகப் பார்த்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு நிலையம் தாண்டிய பிறகு எதிரே இருந்த மலாய் அம்மா மென்மையாக ஏதோ சொன்னார். அவர் விரல் காட்டிய ரோஜா நிற ஒட்டுப்படத்தைப் பார்த்தபோதுதான் "ஐயா, இது பெண்கள் பெட்டி" என்று சொல்லியிருக்கிறார் எனப் புரிந்தது. சுற்றிலும் பெண்கள். நம் ஊராக இருந்தால் பெட்டி முழுக்கக் கூடி என் பரம்பரையையே விசாரித்திருக்கும். இங்கே எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைபேசிக்குத் திரும்பிவிட்டார்கள். அதுதான் அதிகக் கூச்சமாக இருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடி, வேறு பெட்டியில் நின்றுகொண்டே போனேன்.

செல்வி நிலையத்துக்கே காரோடு வந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், குட்டைமுடி, சிக்னலில் நிற்கும் நேரத்தில் மூன்று தொலைபேசி அழைப்புகளை முடித்துவிடுகிறவர். "தம்பி, டிரைவர்மாருங்க சந்தேகப் புடிச்ச ஆளுங்க. காடிய விட்டு எறங்குனதும் கேள்விய ஆரம்பிச்சிராதீங்க. சாப்புடச் சொன்னா சாப்புடுங்க. அவங்க வீட்டுல கை நனைச்சிட்டீங்கன்னா நீங்க அவங்க ஆளு" என்றார்.

எனக்கு வேறு விதிகள் இருந்தன. எங்கள் துறையில் நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. பேட்டி தருகிறவருக்குப் புனைபெயர் வைக்க வேண்டும். அவர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் கேட்கக் கூடாது, பதிவை அழித்துவிட வேண்டும். வெளியிடத்தில் அவரைப் பார்க்க நேர்ந்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவராக முதலில் பேசினால் மட்டும் பதில் பேசலாம். மனநல ஆராய்ச்சிக்காரனோடு இவருக்கு என்ன சகவாசம் என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி. ஊரில் பள்ளிக்கூட வேலையிலிருந்தே எனக்கு அது கைப்பழக்கமாகியிருந்தது. சாப்பிடுவதைப் பற்றி மட்டும் விதி எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு நிம்மதியடைந்தேன்.

வியாழக்கிழமை, கிள்ளானை அடுத்த பண்டமாரானில் டைகரைச் சந்தித்தேன். அது அவரே தேர்ந்தெடுத்த புனைபெயர். என்ன பெயர் போடலாம் என்று கேட்டதும் ஒரு நொடி கூட யோசிக்காமல், "டைகர்னு போடுங்க" என்றார். ஐம்பதைத் தொடும் வயது, பெரிய உடம்பு, அதற்கு ஏற்ற மீசை. துறைமுகத்துக்கு அருகே வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. கண்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கிராதி அதிர்கிறது. மனைவி தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். டைகரே சமைத்திருந்தார். சோறு, டின்னில் அடைத்த மத்தி மீனில் செய்த காரச் சம்பல், முட்டைப் பொரியல். "டிரைவர் சமையல். வழியில அடுப்பு மூட்டிச் சமைச்சுப் பழகுனது" என்றார். சம்பல் பிரமாதம். இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அதில் அவருக்குப் பெருமை.

சாப்பிட்டு முடித்து ஒலிப்பதிவுக் கருவியை இயக்கியதும் கதையைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன், விடியும் நேரம், டயரைப் பார்க்க ஓரங்கட்டியபோது நாலு பேர் பாராங் கத்தியோடு வந்தார்களாம். பாராங் என்றால் நம் வெட்டரிவாளைப் போன்ற நீளக் கத்தி. இவர் ஜாக்கிக் கம்பியை எடுத்து இரண்டு பேரை அடித்து வீழ்த்தினாராம். பின்னாலிருந்து ஒருவன் தாக்கியதால்தான் மாட்டிக்கொண்டாராம். லாரியைக் கொண்டுபோய்விட்டார்கள். சாலையோரத் தடுப்புக் கம்பியில் கட்டிக்கிடந்தவரை, அதே வழியாக வந்த கூட்டாளிகள் அவிழ்த்துவிட்டார்கள். நண்பர்களை இங்கே கூட்டாளி என்கிறார்கள். கதை வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையை ஓங்க வேண்டும் என்பதெல்லாம் படிந்துபோன கதை. பலமுறை சொல்லப்பட்ட கதைகளை அடையாளம் காண்பதுதான் என் படிப்பு.

"அதுக்கப்புறம் லோரி ஓட்டுனீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டேன். அவர் இப்போது யார்டுக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்று செல்வி சொல்லியிருந்தார்.

தண்ணீர் கிளாஸை மேசைமேல் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். வெளியே ஒரு லாரி போய், கிராதி அதிர்ந்து ஓய்ந்தது.

"அடிக்கல" என்றார். "ஒருத்தனையும் அடிக்கல. கம்பிய கையில எடுக்கவே இல்ல. கழுத்துல பாராங்க வச்சவனுக்கு எம் மவன் வயசுதான் இருக்கும். நான் அவன் கால புடிச்சேன். அண்ணே, அண்ணே, விட்டுருங்க அண்ணேன்னு கெஞ்சுனேன். எம் மவன் வயசுப் பையன அண்ணேன்னு கூப்புட்டேன். அவனுங்க சிரிச்சானுங்க." பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கிற்று. நான் விதிப்படி கருவியை நிறுத்தினேன். இயக்கச் சொல்லி அவரே கைகாட்டினார். "கூட்டாளிங்க வந்து கட்ட அவுத்தப்ப, ரெண்டு பேர அடிச்சேன்னு வாயில வந்துருச்சு. வந்தத திருப்பி உள்ள போட முடியல. இன்னிக்கு வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பொண்டாட்டிகிட்டயும் அதான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்ப என்னப் பத்தி என்னா நெனைக்கிறீங்க?"

எங்கள் பயிற்சியில் இதற்கு ஒரு பதில் உண்டு. அதைச் சொன்னேன். "இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்ல அண்ணே. மனசு விட்டுப் பேசினதுக்கு நன்றி." அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவ எழுந்து போனார்.

திரும்பும் ரயிலில் சரியான பெட்டியில் ஏறினேன். மனதுக்குள் ஒரு கள்ளச் சந்தோஷம் இருந்ததை மறைப்பானேன். இப்படி ஒரு பேட்டி கிடைத்தால் அதை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. மலேசியா போய்விட்டுப் பத்துமலை முருகனைப் பார்க்காமல் வந்தேன் என்றால் என் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டார். தைப்பூசம் இல்லாத சாதாரண நாளிலும் அங்கே திருவிழாக் கூட்டம். வண்ணமடித்த படிகளில் சீனர்களும் வெள்ளைக்காரர்களும் மூச்சிரைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். என் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு சுங்க அதிகாரியின் தோரணையில் வாங்கிக்கொண்டது. திருச்செந்தூர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முருகனைச் சுண்ணாம்புக் குகைக்குள் பார்ப்பது புதிதாக இருந்தது. ஆனாலும் கும்பிட்டபோது பழைய வேண்டுதல்கள்தான் வந்தன.

கீழே இறங்கி வரும்போது டைகரைப் பார்த்தேன். யாரோ ஒரு கூட்டாளியின் பேரப்பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காதுகுத்து போலிருக்கிறது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை அழ, வேட்டி கட்டிய ஆண்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் டைகர். பத்தடி தூரம்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

நான் நின்றேன். அவராகக் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். அவரும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம்கூட உயரவில்லை. சரி, கூட்டாளிகள் முன்னால் அவர் விரும்பவில்லை என்று முடிவு செய்தேன். எதிரே கம்பியில் உட்கார்ந்திருந்த குரங்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவரைக் கடந்து போனேன். விதியை அழகாகக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு நிலையத்தருகே இளநீர் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை செல்வி அழைத்தார். பசியாறிவிட்டேனா என்றுகூடக் கேட்கவில்லை. "என்னா பண்ணி வச்சிருக்கீங்க தம்பி? அந்த ஆளு ரெக்கார்டிங்க அழிக்கச் சொல்றாரு. இன்னும் ரெண்டு டிரைவருங்க பேட்டிக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

நான் பத்துமலையில் நடந்ததைச் சொன்னேன். விதியையும் விளக்கினேன். செல்வி விடவில்லை. "அவரு வீட்டுல சோறு தின்னீங்க. வயசுல சின்னவரு. பத்தடியில பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க. அவரு எப்படி எடுத்துக்குவாரு? அந்தக் கதையக் கேட்டதுக்கப்புறம் இவன் நம்மள மனுஷனாவே மதிக்கலன்னு நெனைச்சிருக்காரு. என்கிட்ட ஒரே வார்த்த சொன்னாரு. 'அவனும் சிரிச்சிட்டான் அக்கா'ன்னு."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லாததை முதன்முறையாக ஒரு மனிதனிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதன் மூன்றே நாளில் குரங்கைப் பார்க்கப் போய்விட்டான். என் அத்தியாயம் போனதைவிட இதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. பேராசிரியரை அழைத்தேன். அவர் நிதானமாக, "நீ செய்தது விதிப்படி சரி. அழித்துவிடு. காரணம் கேட்காதே" என்றார். விதிப்படி நான் செய்தது முழுக்கச் சரி என்பதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த இரண்டு நாள் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே சில பேட்டிகள் இருந்தன. கேள்வித்தாளில் இல்லாத கேள்வி ஒன்றை முதலிலேயே கேட்க ஆரம்பித்தேன். "வெளியில பாத்தா நான் பேசட்டுமா, வேண்டாமா?" பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒருவர், "இன்சூரன்ஸ் ஆளுன்னு சொல்லிருங்க, யாரும் கிட்டவே வரமாட்டாங்க" என்றார். இன்னொருவர், "பேசாம போயிருங்க பாஸ், ப்ளீஸ்" என்றார். டாக்ஸி ஓட்டும் பெரியவர் ஒருவருக்குக் கேள்வியே பிடிக்கவில்லை. "பாத்தா கூப்புடணும். இதெல்லாம் ஒரு கேள்வியா தம்பி?" என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

பதிவைத் தன் கண்ணெதிரே அழிக்க வேண்டும் என்று டைகரே ஒரு இடம் சொல்லி அனுப்பியிருந்தார். வீடு இல்லை, பண்டமாரானில் அவர் வேலை முடிந்து வந்து உட்காரும் ஒட்டுக்கடை. ஒட்டுக்கடை என்றால் தகரக் கூரை, நாலு பிளாஸ்டிக் மேசை, ஒரு அடுப்பு. கிள்ளானிலிருந்து வாடகைக் காரில் போனேன். ஓட்டுநர் சீனர். வழியெல்லாம் மழை. என்னைத் தவறான சந்தில் இறக்கிவிட்டு, உலகத்திலேயே சிறந்த பாக் குத் தே எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பன்றி எலும்பு சூப் அது. எனக்குச் சைவ நாக்கு இல்லை என்றாலும் அன்று அதற்கான மனநிலை இல்லை. முழங்கால்வரை நனைந்து கடையைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

ஒரு மேசையைச் சுற்றி டைகரும் மூன்று கூட்டாளிகளும் இருந்தார்கள். பத்துமலையில் அவரோடு நின்றவர்கள்தான். டைகர் என்னைப் பார்த்துவிட்டார். அதே பார்வை, அதே அசையாத முகம்.

நான் தெருவிலிருந்தே, "அண்ணே!" என்று கூப்பிட்டேன். மழையில் கேட்காதோ என்று இன்னும் பலமாக, "டைகர்" என்பதற்குப் பதில் அவருடைய நிஜப் பெயரையும் சேர்த்து ஒருமுறை கூப்பிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. நெறிமுறைக் குழு பார்த்திருந்தால் என் முனைவர் பட்டப் பதிவையே ரத்து செய்திருக்கும்.

அவர் அவசரப்படவில்லை. நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வாங்க. உக்காருங்க" என்றார். பிறகு மற்றவர்களிடம், "ஊர்லேருந்து வந்துருக்காரு. நம்ம ஆளு" என்றார்.

ஒல்லியாக இருந்த கூட்டாளி என்னை உற்றுப் பார்த்தார். "பாஸ், உங்கள பத்துமலையில பாத்த மாதிரி இருக்கே. எங்களத் தாண்டிப் போனீங்களே?"

"அன்னிக்குக் கண்ணாடி போடல அண்ணே. பத்தடிக்கு மேல எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றேன். நான் வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை. டைகர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"டேய், இவர்கிட்ட லோரி கதைய சொன்னியா?" என்று டைகரை இடித்தார் ஒல்லிக்காரர். "நான்தான் பாஸ் கட்ட அவுத்துவிட்டேன். இவன் அடிச்ச அடியில ரோட்டுல ரத்தம் கெடந்துச்சு. நானே பாத்தேன் லா."

டைகர் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். என் கண்ணைவிட்டுப் பார்வையை எடுக்காமல் முழுக் கதையையும் சொன்னார். விடியற்காலை, டயர், நாலு பேர், பாராங், ஜாக்கிக் கம்பி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கையை ஓங்க வேண்டிய இடத்தில் ஓங்கினார். மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தில் ஒரு சுருக்கம் தப்பாக விழுந்தால், அந்த மனிதர் இத்தனை வருடம் உட்காரும் நாற்காலியில் இனி உட்கார முடியாது.

"ரெண்டு பேரையுமா அண்ணே?" என்று கேட்டேன், இப்போதுதான் முதன்முறை கேட்பவனைப்போல.

"ரெண்டு பேரையும்" என்றார் டைகர்.

"அப்பறம் என்ன ஆச்சு?"

அவர் தோள் தளர்ந்தது. மீதிக் கதையை அவ்வளவு விரைப்பில்லாமல் சொல்லி முடித்தார். எனக்கு ஒரு தே தாரே வரவழைத்தார். டின் பால் டீ. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மழை விட்டதும் கூட்டாளிகள் கிளம்பினார்கள். நான் ஒலிப்பதிவுக் கருவியையும் மடிக்கணினியையும் மேசைமேல் வைத்து, இரண்டிலும் எப்படி அழிப்பது என்று காட்டினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அன்னிக்கு ஏன் பாத்துட்டும் போன?" என்றார். நீங்கள் என்பது நீ ஆகியிருந்தது.

விதியைச் சொன்னேன். அவராகக் கூப்பிட்டால் உடனே வந்திருப்பேன் என்றேன். "நான் ஏன் கூப்புடணும்? நீ சின்னவன். எங்க வீட்டுல சாப்புட்டவன்" என்றார். ஆமாம் என்றேன். மேசையில் சிந்திக்கிடந்த டீயை விரலால் இழுத்துக்கொண்டே, "எனக்கு அவனுங்க சிரிச்சது மறுபடி கேட்டுச்சு" என்றார்.

விதி, பயிற்சி எல்லாவற்றையும் ஓரமாக வைத்தேன். "நான் சிரிக்கல அண்ணே. என் கழுத்துல பாராங்க வச்சிருந்தா நானும் அவன அண்ணேன்னுதான் கூப்புட்டிருப்பேன். உங்களுக்காவது மகன் வயசுன்னு அப்பறம் கூச்சம் வந்துச்சு. எனக்கு அதுகூட வந்திருக்காது. அன்னிக்கே இதச் சொல்லியிருக்கணும். நீங்க கேட்டீங்க, நான் சொல்லல."

கடைக்காரர் மேசையைத் துடைக்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வேறு மேசைக்குப் போனார். பிறகு டைகர் ஒலிப்பதிவுக் கருவியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"வச்சிக்க. எங்கயாச்சும் ஒரு எடத்துல நடந்தது நடந்தபடி இருக்கட்டும்."

தன் மோட்டார் சைக்கிளில் என்னைக் கிள்ளான் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். துறைமுகச் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போனபோது அவர் தோள் இறுகுவதைப் பின்னால் இருந்து பார்க்க முடிந்தது. ஆனாலும் ஓட்டினார். படியேறும்போது நான் திரும்பி, "வரேன் அண்ணே!" என்று கத்தினேன். கையை உயர்த்திவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்து இந்தக் கட்டுரையை எழுதியதும் முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருந்தேன். அவர் வேண்டாம் என்றால் கிழித்துப் போடுவதாகவும் எழுதினேன். ஒரு வாரம் பதிலே இல்லை. பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னணியில் லாரி சத்தம்.

"படிச்சேன். எல்லாம் சரியா இருக்கு. பொண்டாட்டிகிட்ட நானே படிச்சுக் காட்டிட்டேன். கூட்டாளிங்க பத்திக் கவலப்படாத, அவனுங்க எவனும் தமிழ் புக்கு தொடமாட்டானுங்க. நீ போட்டுக்க. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. அன்னிக்குக் கடையில சொன்னப்ப நான் ரெண்டு பேர அடிச்சேன். நீ ஒருத்தன்னு எழுதியிருக்க. அத மட்டும் மாத்து லா."

மாற்றிவிட்டேன்.